உடைந்த மூடிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

“உடைஞ்ச டப்பாவோட கஸ்டமர் வந்தா ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கைக்காசைப் போட்டுப் புதுசு வாங்கிக் குடுத்துட்டுச் சிரிச்ச முகமா வரணும். அறுநூறு ரூபா போச்சேன்னு பாக்காதீங்க, ஆறாயிரமாத் திரும்பி வரும்.”

வீடு வீடாகப் போய்ச் சமையலறைச் சாமான் விற்கும் பெண்களின் மாதக் கூட்டம் எதில் போய் உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். திருச்சியில் பதினான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் ஐந்து வருஷம் கைதட்டியதோடு நிற்காமல் அப்படியே செய்தும் வந்தேன். சொல்பவர்கள் நல்லவர்கள், சொல்லப்படுவது தப்பு. விற்பவளுக்கு நஷ்டம், வாங்கியவளுக்கும் நஷ்டம், இரண்டு பேருக்கும் அது தெரியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். கடையில் வாங்கிய டப்பா உடைந்தால் கடையைத் திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். நம்மிடம் வாங்கியது உடைந்தால் நம்மைத்தான் திட்டுவார்கள், அதுவும் வளைகாப்பு வீட்டில் பத்துப் பேர் நடுவில். கம்பெனிக்கு அனுப்பி மாற்றி வாங்க மூன்று வாரமும் ஆகும், மூன்று மாசமும் ஆகும். அதுவரை அந்த அம்மா மிளகாய்ப் பொடியை எதில் போட்டு வைப்பாள்? ஒரு குடும்பம் நம்மிடம் பத்து வருஷம் வாங்கும், அக்காவுக்கும் நாத்தனாருக்கும் சொல்லும். ஒரு டப்பாவைப் பார்த்தால் அத்தனையும் போகும். தவிர, கமிஷன் வாங்குகிறோம் அல்லவா, லாபம் நமக்கு என்றால் நஷ்டமும் நமக்குத்தானே?

இது முட்டாள்தனமான வாதம் இல்லை. இதைச் சொல்பவர்களில் பலர் ஒற்றைக் கைப்பையோடு தொடங்கி, பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்கவைத்தவர்கள். “வித்தாச்சு, முடிஞ்சாச்சு, இந்தா கம்பெனி நம்பர்” என்று கை கழுவும் கூட்டமும் உண்டு; அவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் எவ்வளவோ மேல். கை கழுவுகிறவர்களுக்கு மறுப்பு எழுத வேண்டியதில்லை, அவர்களே இரண்டு வருஷத்தில் தொழிலை விட்டுப் போய்விடுகிறார்கள். மறுப்பு வேண்டியது இந்த நல்லவர்களின் வாதத்துக்குத்தான்.

1. போவது யார் பணம், வருவது யார் பணம்?

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக, டப்பாவின் விலை 600 ரூபாய், என் பங்கு நூற்றுக்கு இருபத்தைந்து என்று வைப்போம். அப்படியானால் எனக்கு அந்த டப்பா 450 ரூபாய்க்கு வரும், விற்றால் 150 நிற்கும். உடைந்து வந்ததும் இன்னொன்றை 450 கொடுத்து வாங்கிக் கொடுக்கிறேன். முதலில் கிடைத்த 150 போக, கையிலிருந்து 300 போயிற்று. இன்னும் இரண்டு டப்பா விற்றால் பூஜ்யத்துக்கு வருவேன். பஸ் டிக்கெட், டெமோவுக்கு வந்தவர்களுக்கு வைத்த சுண்டல், காபி, போன் ரீசார்ஜ் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. ஒருத்தியும் சேர்ப்பதில்லை, அதனால்தான் லாபம் வருவதாகத் தோன்றுகிறது.

இப்போது அந்த வசனத்துக்கு வாருங்கள். அறுநூறு போனால் ஆறாயிரம் வரும். போகிற பணம் என் பர்ஸிலிருந்து போகிறது. வருகிற ஆறாயிரம் கம்பெனியின் விற்பனை. அதில் எனக்கு 1,500. ஒரே மூச்சில் சொல்லும்போது இரண்டும் ஒரே பணம் மாதிரி கேட்கிறது. மேடையில் சொல்கிறவருக்கும் இதில் கபடம் இல்லை, அவருக்கு அவருடைய மேலாள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இதைவிட ஒரு விஷயம் எனக்கு ஆறாவது வருஷம்தான் உறைத்தது. மாற்றிக் கொடுப்பதற்காக நான் வாங்கும் அந்த டப்பாவும் ஆர்டர்தான். பில் போடுகிறார்கள், என் டார்கெட்டில் ஏறுகிறது, என் மேலே இருப்பவரின் பாயிண்டில் ஏறுகிறது. அதாவது ஒரு டப்பா மோசமாக வார்க்கப்பட்டு உடைந்தால் கம்பெனி இரண்டு டப்பா விற்கிறது. உடையாமல் இருந்தால் ஒன்று. நல்ல சாமானைவிட நொள்ளைச் சாமானுக்கு இரட்டை வருமானம் தரும் இந்த ஏற்பாட்டுக்குக் கூட்டத்தில் வைத்திருக்கும் பெயர் “வாடிக்கையாளர் சேவை”.

2. ஏற்கெனவே வாங்கிய விலைக்குள் இருப்பதை ஏன் தானமாக்குகிறீர்கள்?

கேட்லாக்கின் கடைசிப் பக்கங்களில் உத்தரவாதம் அச்சடித்திருக்கிறது. சாதாரண வீட்டு உபயோகத்தில் விரிசல் விட்டால், உதிர்ந்தால், உடைந்தால் மாற்றித் தரப்படும் என்கிற மாதிரி வாசகம். பஜாரில் 120 ரூபாய்க்குக் கிடைக்கும் டப்பா இருக்க, நம்மிடம் 600 கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்? டெமோவில் நாமே சொல்லிக் கொடுத்த பதில்தான்: “இதுக்கு கேரண்டி இருக்குக்கா.” ஆக, கேரண்டிக்கான காசை அந்த அக்கா முதல் நாளே கொடுத்துவிட்டாள். கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. பிறகு உடைந்த அன்று அதே கேரண்டிக்கு நான் ஒருமுறை காசு கொடுக்கிறேன்.

என் காசு போவதுகூடப் பெரிதில்லை. உரிமையாக இருந்தது உபகாரமாகிவிடுகிறது.

ஸ்ரீரங்கத்தில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் பெரிய செட் வாங்கியவர். இரண்டு முறை அவருக்கு மூடி மாற்றிக் கொடுத்தேன், கம்பெனியிலிருந்து வந்ததாகச் சொல்லி. மூன்றாவது வருஷம் கொலுவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனேன். அரிசி டப்பாவின் மூடி குறுக்கே விரிசல் விட்டு, காலண்டர் நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது.

“டீச்சர், இது எப்ப உடைஞ்சது? சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீ உன் காசைப் போடுவே. உன் கூட விக்கிறாளே, அவ சொல்லிட்டா. எனக்கு எதுக்குடி நீ தானம் பண்றே? நான் காசு குடுத்துதானே வாங்கினேன்?”

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த குரல். பதில் சொல்ல வாய் வரவில்லை. எட்டு மாதமாக அவர் எறும்பு மொய்த்த அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார், என்னைக் காப்பாற்றுவதற்காக.

கைக்காசு போடுவதில் இரண்டே முடிவுதான் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாவிட்டால் பொய் சொல்லி நடத்துகிறோம். தெரிந்துவிட்டால், மனசாட்சி உள்ளவர் உடைந்ததைக் காட்டவே கூச்சப்படுவார். மனசாட்சி இல்லாதவர் அடுப்பில் வைத்து உருக்கியதையும் கொண்டுவந்து நீட்டுவார். நல்ல வாடிக்கையாளருக்குத் தண்டனையும் மற்றவருக்குப் பரிசும் கிடைக்கும் இந்த முறையை எந்த மளிகைக் கடைக்காரராவது வைத்திருக்கிறாரா?

3. உடைந்த சாமான் ஒரு சாட்சி. சாட்சியை ஏன் பரணில் ஏற்றுகிறீர்கள்?

ஒருமுறை நாங்கள் மூன்று பேர் கூட்டம் முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். நான் தில்லைநகர்ப் பக்கம் விற்பவள், இன்னொருத்தி கே.கே. நகர், மூன்றாமவள் துறையூர். பேச்சு வாக்கில் துறையூர்க்காரி அலுத்துக்கொண்டாள், இரண்டு லிட்டர் டப்பாவில் மூடி மூடியாகப் போகிறது என்று. எங்கே என்று கேட்டேன். கட்டைவிரல் வைத்துத் தூக்குகிற காது இருக்கிறதே, அதன் அடியில். எனக்கும் அங்கேதான். கே.கே. நகருக்கும் அங்கேதான். மூன்று பேரும் சேர்ந்து அந்த ஆறு மாதத்தில் பதினொரு மூடி மாற்றியிருந்தோம், ஆளுக்கு ஆள் தெரியாமல், அவரவர் காசில்.

கீழே விழுந்து உடைந்த மூடி விளிம்பில் நட்சத்திரம் மாதிரி சிதறும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. பதினொன்றும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் கிழிகிறதென்றால் அது பதினொரு பெண்களின் கைப்பிழை இல்லை. அச்சிலோ பிளாஸ்டிக்கிலோ ஏதோ கோளாறு. எனக்கு ஆலை நுணுக்கம் தெரியாது. ஆனால் ஆலையில் இருப்பவருக்குத் தெரியும், அவர் கையில் அந்த மூடி போய்ச் சேர்ந்தால். அது எங்கே இருந்தது? என் வீட்டுப் பரணில், ஒரு சாக்குப் பையில். கம்பெனியின் பதிவேட்டில் அந்த டப்பாவுக்கு ஒரு புகாரும் இல்லை. விற்பனை மட்டும் ஏறியிருந்தது. அடுத்த தீபாவளி ஆஃபரில் அதே டப்பாவை “அதிகம் விரும்பப்படும் பொருள்” என்று போட்டார்கள்.

பொய் இல்லை. அதிகம் வாங்கியவர்கள் நாங்கள்தான்.

4. கேள்வி கேட்டால் அவமானமா?

“ஒரு கேள்வி கேக்கக் கூடாது” என்பதுதான் அந்த வசனத்தில் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் பகுதி. காய்ச்சல் என்று போனால் டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்கிறார். அதை யாரும் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வதில்லை. சமையலறைச் சாமான் விற்பவளுக்கு மட்டும் ஏன் வாயைக் கட்ட வேண்டும்? கேட்டால்தான் எதனால் கெட்டது என்று தெரியும், தெரிந்தால்தான் அடுத்ததும் அப்படியே கெடாமல் இருக்கும்.

ஒரு வீட்டில் இரண்டு டப்பா அடுத்தடுத்து அடி நெளிந்து, உள்பக்கம் குமிழி குமிழியாகக் கொப்பளித்து வந்தது. முதலாவதைக் கேள்வி கேட்காமல் மாற்றினேன், கூட்டத்தில் சொன்னபடி. இரண்டாவதற்கு உட்கார்ந்து பேசினேன். வடை சுட்ட எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் அதில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். பொரிக்கிற எண்ணெய் 180 டிகிரி வாக்கில் இருக்கும். பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் 160 டிகிரி பக்கத்திலேயே உருகத் தொடங்கிவிடும். எந்தக் கம்பெனி டப்பாவும் அதைத் தாங்காது. முதல் தடவையே கேட்டிருந்தால் ஒரு டப்பா மிச்சம். உருகிய பிளாஸ்டிக் கலந்த எண்ணெயில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடி அப்பளம் பொரித்திருக்கவும் மாட்டார்கள்.

ஸ்டீல் பாத்திரம் இன்னும் வெளிப்படையாகப் பேசும். அடியில் நீலமும் பொன்னிறமுமாக வானவில் ஓடியிருந்தால் அது கேடே இல்லை, வெறுமனே சூடு அதிகமாகி வந்த நிறம். எலுமிச்சை மூடியை வைத்துத் தேய்த்தால் போகும். ஊசியால் குத்தியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பச்சைத் தண்ணீரிலேயே கல்லுப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுகிற பழக்கம். உப்பு அடியில் போய் உட்கார்ந்து உலோகத்தை அரித்துவிடும். அதற்கு மாற்றுப் பாத்திரம் கொடுத்தால் அதுவும் அடுத்த மாதம் அப்படியே ஆகும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடச் சொல்வதுதான் மருந்து. நான்ஸ்டிக் தோசைக்கல் பூச்சு உரிந்து வந்தால், காலியாக வைத்துப் பெரிய தீயில் காயவிட்டார்களா என்று கேட்க வேண்டும். அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும், வெறும் கல் அந்தச் சூட்டைத் தொடச் சில நிமிஷம் போதும்.

குக்கர்தான் ஆபத்தான சங்கதி. சேஃப்டி வால்வு வெடித்துவிட்டது என்று ஒருவர் போன் செய்தால், கைக்காசுத் தர்மவதி என்ன செய்வாள்? பெரிய கடைவீதியில் நாற்பது ரூபாய்க்கு ஒரு வால்வு வாங்கிப் போட்டுக் கொடுத்துச் சிரிச்ச முகமாக வருவாள். வால்வு ஏன் போயிற்று? வெயிட் உட்காரும் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருக்கும், ஆவிக்கு வழியில்லாமல் போயிருக்கும். வால்வு தன் வேலையைச் செய்துவிட்டுச் செத்திருக்கிறது. அடைப்பு அப்படியே இருக்க, என்ன உலோகம் என்றே தெரியாத வால்வைத் திருகிக் கொடுப்பது சேவையா? 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை குத்திய குக்கருக்குள் முத்திரை இல்லாத உதிரியைப் போட்டால் அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்?

5. சட்டம் யார் தலையில் வைக்கிறது என்று பார்த்தீர்களா?

நேரடி விற்பனைக்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. அதில் சுற்றி வளைக்காமல் இருக்கிறது: விற்பனையாளர்கள் மூலம் விற்ற பொருளால் எழும் குறைகளுக்கு நிறுவனம் பொறுப்பு. குறைதீர் அதிகாரி ஒருவரை நிறுவனம் வைக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்கப் போகிறவளுக்கும் கடமைகள் உண்டு. அடையாள அட்டையோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், பொருளைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். தன் சேமிப்பிலிருந்து மாற்றுப் பொருள் வாங்கித் தர வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை எந்தக் கூட்டத்திலும் சொல்ல மாட்டார்கள். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவு, பொருளைத் தயாரிக்காமல் விற்க மட்டும் செய்கிறவர் எப்போது பொறுப்பாளி ஆவார் என்று சொல்கிறது. பொருளில் தானாக மாற்றம் செய்து, அதுவே தீங்குக்கு முக்கியக் காரணமானால் ஆவார். தயாரிப்பாளரின் உத்தரவாதத்துக்கு அப்பால் தானே தனியாக ஒரு உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் போனாலும் ஆவார். இது பொருள் உடைவதைப் பற்றியது இல்லை; பொருளால் ஆளுக்கோ மற்ற உடைமைக்கோ தீங்கு வருவதைப் பற்றியது. அந்த நாற்பது ரூபாய் வால்வை நினைத்துப் பாருங்கள். “ஒண்ணும் ஆகாதுக்கா, நான் இருக்கேன்” என்று டெமோவில் அள்ளி விடுவதையும் நினைத்துப் பாருங்கள்.

6. “உறவுதான் முதல்” என்கிறீர்கள். யாருக்கு முதல்?

இந்த வியாபாரத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1940களில் அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் செய்த ‘டப்பர்வேர்’ பிளாஸ்டிக் டப்பாக்கள் கடை அலமாரியில் தூங்கின. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அதை யாராவது செய்து காட்டினால்தான் வாங்குகிறவளுக்குப் புரியும். பிரௌனி வைஸ் என்ற பெண் அதை அக்கம்பக்கத்து வீட்டுக் கூடங்களில் செய்து காட்டி விற்றார். விற்பனை எகிறியது. 1951இல் டப்பர் கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு வீட்டு விருந்தையே நம்பினார், வைஸைத் துணைத் தலைவராக்கினார். 1958இல் அவரை வெளியேற்றினார். நிறுவனத்தில் ஒரு பங்குகூட வைஸ் பெயரில் இல்லை. அதே வருஷம் டப்பர் நிறுவனத்தை ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் விற்றுவிட்டார்.

நான் விற்பது வேறு கம்பெனி. முறை ஒன்றுதான். கம்பெனிக்குக் கடை வாடகை இல்லை, கல்லாவில் உட்கார ஆள் இல்லை. என் கூடம்தான் ஷோரூம், என் நாத்தனாரின் சிநேகிதிகள்தான் விளம்பரம். அந்த உறவு கம்பெனிக்கு முதலாக இருப்பதால்தான் கேட்கிறேன், அதைப் பராமரிக்கிற செலவு மட்டும் ஏன் என் பர்ஸில்? “கமிஷன் வாங்குறே இல்ல?” என்று கேட்பவருக்கு: கமிஷன் விற்றதற்குக் கூலி. ஆலையில் நேர்ந்த பிழைக்கு நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்றால் அதற்குத் தனியாகப் பிரீமியம் வேண்டும்.

“வாழ்நாள் உத்தரவாதம்” என்று வாய் நிறையச் சொல்கிறோமே, யாருடைய வாழ்நாள்? அந்த டப்பர்வேரின் தாய் நிறுவனமே 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை என்றால், நாளை எந்தக் கம்பெனியும் மூடலாம், இந்தியக் கிளையை விற்கலாம், அந்த மாடலையே நிறுத்தலாம். கம்பெனி கொடுத்த வாக்கைக் கம்பெனி கொடுத்ததாகவே சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் தலைநிமிர்ந்து நடக்கலாம். “நான் மாத்தித் தரேன்” என்று பழக்கியிருந்தால் தெருவில் இருக்கும் அத்தனை அடுப்படிக்கும் நான் ஆயுள் கடன்காரி.

7. “அதுவரை மிளகாய்ப் பொடியை எதில் வைப்பாள்?”

இது ஒன்றுதான் எனக்குப் பதில் தேட வேண்டியிருந்த கேள்வி. தாமதம் உண்மை. ஒரு மூடிக்காக நாலு தடவை போன் போட்டு, படம் எடுத்து அனுப்பி, பில் நம்பர் சொல்லி, “செக் பண்ணிட்டுச் சொல்றோம் மேடம்” என்பதை நாலு தடவையும் கேட்டிருக்கிறேன்.

இப்போது என்னிடம் டெமோ டப்பாக்கள் ஆறு, மேலே சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்தவை. உடைந்ததை வாங்கிக்கொள்ளும்போது இரவலாக ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவேன். புதியது வந்ததும் பொட்டு வைத்தது என்னிடம் திரும்பும். உடைந்ததைப் பகல் வெளிச்சத்தில், விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, அடியில் இருக்கும் அச்சு எண்ணோடு அனுப்புகிறேன். போனில் சொல்வதை வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுதுகிறேன், தேதியோடு. வாடிக்கையாளர் பெயரில்தான் புகார் போகும், என் பெயரில் இல்லை. எண் வந்ததும் அவர்களிடமே கொடுத்துவிடுவேன். ஒரு மாதம் தாண்டினால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்வேன். அதை முதல் தடவை சொன்னபோது என் மேலாள், “கம்பெனிக்கு எதிரா நீயே கிளப்பி விடுறியா?” என்று குதித்தார். குதிக்கட்டும். அந்த மூடி கூரியரில் வந்து சேர்ந்தது.

எல்லாமும் வந்துவிடாது. உருகியது, கத்தி கீறியது, பாத்திரம் கழுவுகிற கம்பி நார் சுரண்டியது இவற்றுக்குக் கம்பெனி இல்லை என்றுதான் சொல்லும், சரியாகத்தான் சொல்லும். அதைக் கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் சொல்வதும் என் வேலைதான். “அக்கா, இது கேரண்டில வராது. இது சூட்டால ஆனது” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

என் காசைப் போடுகிற சந்தர்ப்பமும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. ஒருமுறை கேட்லாக்கைச் சரியாகப் பார்க்காமல், மைக்ரோவேவில் வைக்கலாம் என்று வாய் தவறி ஒரு டப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். நெளிந்து போயிற்று. அது ஆலையின் பிழையுமில்லை, அந்தப் பெண்ணின் பிழையுமில்லை. 450 ரூபாய், என் பர்ஸ், அன்று சாயங்காலமே. “என் தப்பு” என்று சொல்லித்தான் கொடுத்தேன், “கம்பெனி அனுப்பிச்சது” என்று சொல்லவில்லை.

இப்படி நடந்துகொண்டால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்கிறார்கள். போனார்கள். நெளிந்த டப்பாவுக்கு முடியாது என்று சொன்ன மூன்று வீடுகள் என்னை விட்டு, கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுக்கும் கே.கே. நகர்க்காரியிடம் போய்விட்டன. அவளுக்கு இப்போது என்னைவிட வாடிக்கையாளர் அதிகம், போன வருஷக் கூட்டத்தில் மேடையில் நிறுத்திச் சால்வை போட்டார்கள். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன். டார்கெட்டுக்கு மூவாயிரம் குறைகிறதாம், தானே ஆர்டர் போட்டுக்கொள்ளப் போகிறாளாம், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கைமாற்றாகக் கிடைக்குமா என்றாள்.